நாற்பது நாளும் புதன்கிழமையும்



சென்ற மாதம் என் தங்கை மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, அல்ஹம்துலில்லாஹ். அடையாற்றில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் பிரசவம். மூன்றாம் நாள் வீடு திரும்பும்போது குழந்தையின் தடுப்பூசி அட்டையைக் கையில் கொடுத்தார்கள். போலியோ சொட்டு மருந்துக்கும் மஞ்சள் காமாலைத் தடுப்பூசிக்கும் எதிரே தேதி எழுதியிருந்தது. பி.சி.ஜி. என்ற வரிக்கு எதிரே ஒன்றுமில்லை. "ஒரு குப்பியைத் திறந்தால் பத்துக் குழந்தைகளுக்குப் போடலாம். இன்று இரண்டு குழந்தைகள்தான் இருக்கின்றன. புதன்கிழமை அழைத்து வாருங்கள்" என்று செவிலியர் சொல்லியிருக்கிறார்.

அன்றிரவு பிள்ளை பெற்றவள் எனக்குத் தொலைபேசியில் பேசினாள். "பெரியம்மா, நாற்பது கழிந்த பிறகு போட்டுக்கொண்டால் போதாதா? இங்கே மாமி அப்படித்தான் சொல்கிறார்கள்."

"புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் ஆட்டோவுடன் வாசலில் நிற்பேன். குழந்தையைத் துணியில் சுற்றித் தயாராக வைத்திரு" என்றேன். என் குரலில் இருந்த கடுமை அவளுக்குச் சற்று வருத்தமாகக்கூட இருந்திருக்கும். அதற்கான காரணத்தைப் பிரசவித்த பெண்ணிடம் தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை. இங்கே எழுதுகிறேன். என் கொழுந்தனாரைப் பற்றியும் இதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவருடைய சம்மதத்தைக் கேட்டுப் பெற்ற பின்னரே எழுதுகிறேன்.

2008 ஜூலைத் தொடக்கத்தில் என் மகன் பிறந்தான். அவன் எங்களுக்கு இரண்டாவது பிள்ளை. மூத்தவளுக்கு அப்போது ஏழு வயது. என் கணவர் குழந்தையின் காதில் பாங்கு சொன்னார். மாமனார் பேரீச்சம்பழத்தை மென்று தஹ்னீக் செய்தார். ஏழாம் நாள் முடியிறக்கி அகீகாவும் கொடுத்தோம். மார்க்கம் காட்டிய ஒவ்வொன்றையும் அதனதன் நாளில் செய்துவிட்டோம் என்ற நிறைவு எங்களுக்கு இருந்தது. தடுப்பூசி அட்டையில் மட்டும் ஒரு வரி காலியாகவே கிடந்தது. பிரசவம் நடந்த இடத்தில் மருந்து இருப்பு இல்லை என்றார்கள். அடுத்த வாரம் கேட்டபோதும் அதே பதில்தான் கிடைத்தது.

அந்த ஆண்டு எங்கும் அதே பேச்சாக இருந்தது. ஜனவரியில் மத்திய அரசு மூன்று பொதுத்துறைத் தடுப்பூசி நிறுவனங்களின் உற்பத்தி உரிமத்தை நிறுத்தி வைத்திருந்தது. இமாசலப் பிரதேசத்தில் கசௌலி, நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையம், நம் கிண்டியில் உள்ள பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் ஆகியவையே அந்த மூன்றும். நல்ல உற்பத்தி நடைமுறைகள் என்று சொல்லப்படும் தரவிதிகளை அவை நிறைவேற்றவில்லை என்பது காரணம். கட்டடமும் கருவிகளும் பழையவை என்பதை மறுக்க இயலாது. ஆனால் புதிய கட்டடத்தை எழுப்பிவிட்டுப் பழையதை மூடாமல், மூடிவிட்டுப் பிறகு யோசித்தார்கள். 1948 முதல் இந்தியக் குழந்தைகளுக்கான பி.சி.ஜி. மருந்து கிண்டியில்தான் தயாராகி வந்தது. அடையாற்றில் எங்கள் வீட்டிலிருந்து சர்தார் படேல் சாலை வழியே புறப்பட்டு, புற்றுநோய் மருத்துவமனையையும் காந்தி மண்டபத்தையும் தாண்டிப் போனால் கிண்டி வந்துவிடும். நான்கைந்து கிலோமீட்டர்தான் இருக்கும். அறுபது ஆண்டுகளாக நாடு முழுவதற்கும் மருந்து அனுப்பிய இடம் அத்தனை அருகில் பூட்டிக் கிடக்க, நாங்கள் மருந்துக்காகக் காத்திருந்தோம். இதை என் கணவர் நாளிதழில் படித்துச் சொன்னபோது எனக்கு அதன் பாரம் விளங்கவில்லை. ஊசி இன்று இல்லாவிட்டால் நாளை வந்துவிடும் என்று எண்ணினேன்.

போதாததற்கு, அந்த ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்துபோன செய்தி எல்லாத் தாய்மார்களின் மனத்திலும் இருந்தது. அது வேறு மருந்து, வேறு காரணம். ஆனால் ஊசி என்றாலே நெஞ்சு அடித்துக்கொண்ட காலம் அது. மருந்து இல்லை என்று சொல்லப்பட்டபோது உள்ளுக்குள் ஒரு சிறு நிம்மதிகூட எனக்கு ஏற்பட்டது. இன்று அதை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

என் மாமியார் சொன்னார்கள்: "நாற்பது கழியட்டும்மா. பச்சை உடம்புக்காரி வெளியே போகக் கூடாது. பிள்ளைக்கும் கண் பட்டுவிடும்." எனக்கும் அது வசதியாகவே இருந்தது. நிஃபாஸ் உடைய பெண்ணுக்குத் தொழுகையிலும் நோன்பிலும் மார்க்கம் தந்த சலுகை வேறு. பச்சிளம் குழந்தையை நாற்பது நாள் மருத்துவரிடம் காட்டாமல் வீட்டில் வைத்திருப்பது வேறு. பின்னதை யாரும் நமக்குக் கட்டளையிடவில்லை. நம் பாட்டிமார் காலத்துக் குளிருக்கும் கூட்டத்துக்கும் பயந்து ஏற்பட்ட வழக்கம் அது. நல்ல எண்ணத்தில் வந்த வழக்கம்தான். நாற்பதாம் நாள் குளிப்பு முடிந்து, வந்த உறவினர்கள் திரும்பியபோது ஆகஸ்ட் பாதி கழிந்துவிட்டது. புதன்கிழமைகளில் போய்க் கேட்கத் தொடங்கினோம். ஒரு புதன் மருந்து வரவில்லை. மறு புதன் வந்தது, ஆனால் நாங்கள் போவதற்குள் தீர்ந்துவிட்டது.

இந்த நாட்களில் என் கணவரின் தம்பி எங்களோடுதான் இருந்தார். மண்ணடியில் ஒரு கடையில் கணக்கெழுதி வந்தார். இருபத்தைந்து வயது. வேலை முடிந்து இரவு வீட்டுக்கு வந்தவுடன் கைகால் கழுவிவிட்டு நேராகத் தொட்டிலுக்குத்தான் போவார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியில் உலாத்துவார். சளிக்காய்ச்சல் வந்து போனதிலிருந்து அவருக்கு இருமல் விடவில்லை. சுக்கு, மிளகு, அதிமதுரம் எல்லாம் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தோம். ஆள் மெலிந்துகொண்டே போனதைக் கல்யாணக் கவலை என்று கேலி பேசினோம். ஆம்பூரில் பெண் பார்த்து, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ் என்று பேசி முடித்திருந்த நேரம் அது.

செப்டம்பர் தொடக்கத்தில் ரமலான் பிறந்தது. ஐந்தாம் நோன்பன்று காலை பதினொரு மணி இருக்கும். கையில் ஒரு பதிவேட்டுடன் சுகாதாரப் பணியாளர் ஒருவர் கதவைத் தட்டி என் கொழுந்தனாரின் பெயரைச் சொன்னார். "இரண்டு தடவை மாத்திரைக்கு வரவில்லையே, உடம்புக்கு ஏதும் முடியவில்லையா?" என்று கேட்டார். எந்த மாத்திரை என்று விழித்தேன். என் முகத்தைப் பார்த்து அவரே தயங்கிவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வீட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கிறதா?"

நான் பதில் சொல்லவில்லை. உள்ளே தொட்டிலில் பிள்ளை சிணுங்கியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

மூன்று வாரங்களுக்கு முன்பே சளிப் பரிசோதனையில் அவருக்குக் காசநோய் என்று தெரிந்திருக்கிறது. அப்போதைய முறைப்படி வாரம் மூன்று நாள் மையத்துக்குப் போய், அங்குள்ளவர் கண்ணெதிரே மாத்திரைகளை விழுங்க வேண்டும். கடைக்குப் போகும் வழியில் யாருக்கும் தெரியாமல் அதைச் செய்து வந்திருக்கிறார். அந்த மாத்திரைகளில் ஒன்று சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். குளியலறைத் தரையில் அந்தக் கறையை நான் ஒருமுறை கண்டு, யாரோ பீட்ரூட் சாற்றைக் கொட்டிவிட்டார்கள் என்று கழுவிவிட்டிருந்தேன். ரமலான் வந்ததும் அவருக்கு இக்கட்டு. பகலில் மாத்திரை விழுங்கினால் நோன்பு முறியும். நோன்பு இல்லை என்றால் வீட்டில் காரணம் கேட்பார்கள். காரணம் தெரிந்தால் நிக்காஹ் நின்றுவிடும். ஆகவே நோன்பை வைத்துக்கொண்டு மருந்தை நிறுத்திவிட்டார்.

நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு. குணமான பின் வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம். இது மதரசாவில் ஓதும் பிள்ளைக்கும் தெரியும். அவருக்கும் நன்றாகவே தெரியும். அன்று இஃப்தாருக்குப் பிறகு என் கணவர் அவரைக் கேட்டபோது, "அல்லாஹ் மன்னிப்பான் என்று தெரியும் அண்ணா. ஆட்கள் மன்னிப்பார்களா என்றுதான் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் பொங்கியது. என் பிள்ளையை நினைத்து அன்று நான் பேசிய சில சொற்களுக்காகப் பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "மதினி, நீங்கள் பேசியதில் தப்பில்லை" என்றார். அவரிடம் நோயைக் கொண்டு வந்தவர் யாரோ. அவரும் இதே பயத்தில்தான் ஒளித்து வைத்திருப்பார்.

மறுநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனோம். மூத்தவளையும் அழைத்துச் சென்றோம். எடை பார்த்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள், முன்கையில் மாண்டூ ஊசி போட்டு மூன்றாம் நாள் வரச்சொல்லிப் பார்த்தார்கள். மருத்துவர் வயதில் மூத்த பெண்மணி. குழந்தையின் இடது தோளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தழும்பைக் காணோமே?" என்றார். மருந்து கிடைக்காத கதையைச் சொன்னேன். நாற்பது நாளை மட்டும் மறைத்துவிட்டேன். அவர் அட்டையில் பிறந்த தேதியைப் பார்த்தபோது, எல்லாம் புரிந்துகொண்டவர் போல் இருந்தது.

அன்று அவர் விளக்கியதையும் அதன்பின் நானாகப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். பி.சி.ஜி. போட்டுவிட்டால் ஆயுளுக்கும் காசநோய் வராது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது சரியன்று. 1968-இல் நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூர்ப் பகுதியில் லட்சக்கணக்கானவர்களை உட்படுத்திய பெரும் ஆய்வு ஒன்று தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்பதே அதில் கண்டது. உலகையே திகைக்க வைத்த முடிவு அது. அதற்கும் முன்பே, 1955-இல், இராஜாஜி இந்த ஊசியை எதிர்த்துச் சிறு நூலே வெளியிட்டார். உயிருள்ள கிருமியை ஆரோக்கியமான பிள்ளைகளின் உடலில் செலுத்துவதா என்பது அவர் கேள்வி. என் நன்னி அந்தக் காலத்தில் பள்ளிக்கு ஊசி போட வந்தவர்களைக் கண்டு மதிலேறிக் குதித்து ஓடிய கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள்.

அப்படியானால் பிறந்தவுடன் ஏன் போடுகிறார்கள்? பச்சிளம் குழந்தைக்குக் காசநோய் வரும் விதமே வேறு. பெரியவர் உடலில் கிருமி ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். பெரும்பாலோருக்கு நோயாக வெளிப்படுவதே இல்லை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தொற்றினால், மருந்து கொடுக்காவிட்டால், ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு அது நோயாக மாறிவிடும். சில வாரங்களிலேயே இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவும், அல்லது மூளையின் உறையைத் தாக்கும். இந்த இரண்டு கொடிய வகைகளிலிருந்து குழந்தையைக் காப்பதில் பி.சி.ஜி. நல்ல பலன் தருகிறது. அதனால்தான் அதைப் பிறந்த அன்றே போடச் சொல்கிறார்கள். விட்டுப்போனால் ஒரு வயது வரை போடலாம் என்பது விதி. ஆனால் அதன் முழுப் பயன் சீக்கிரம் போடுவதில்தான். மருந்துத் தட்டுப்பாடு ஓர் ஆண்டு நீடித்தால், அந்த ஆண்டில் பிறந்த குழந்தைகளுக்கு அடுத்த ஆண்டு ஈடு செய்ய இயலாது. நான் நாற்பது நாள் தள்ளிப்போட்டதும் என் அளவில் அதே இழப்புத்தான்.

மாண்டூ முடிவுக்காக நாங்கள் காத்திருந்த வரிசையில் எனக்கு அடுத்து ஒரு தாய் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒன்றரை வயதுப் பையன். முதலில் உறங்குகிறான் என்று நினைத்தேன். கண்கள் திறந்தே இருந்தன. பாட்டியிடமிருந்து தொற்றிய காசநோய் மூளைக்குப் போய்விட்டது என்றும், இரண்டு மாதமாக மருந்து கொடுப்பதாகவும் சொன்னாள். "உயிர் தப்பிவிட்டான் அக்கா. என்னைத்தான் அடையாளம் தெரியவில்லை" என்றாள். அந்தப் பிள்ளைக்கு ஊசி போட்டிருந்ததா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இன்று வரை என் துஆக்களில் அந்தத் தாய்க்கு ஓர் இடம் உண்டு.

என் மகனுக்கு நோய் தொடங்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் நோயாளி இருக்கும் வீட்டுக் குழந்தை என்பதால் தடுப்பு மருந்து தொடங்கினார்கள். ஐசோனியாசிட் என்ற மாத்திரை. எடைக்கேற்றபடி பிளந்து, பொடித்து, ஒரு சங்கு நீரில் கரைத்து, நாள் தவறாமல் ஆறு மாதம். கசப்புத் தாங்காமல் துப்புவான். சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஒவ்வொரு தாளையும் மருந்து கொடுத்த பிறகே கிழிப்பது என்று வைத்துக்கொண்டேன். மார்ச்சில் அது முடிந்தது. மருத்துவர் மீண்டும் பார்த்துச் சொன்ன பின், ஏப்ரலில் ஒரு புதன்கிழமை, ஒன்பது மாதப் பிள்ளையாக அவனுக்கு பி.சி.ஜி. போட்டோம். கிண்டி ஆய்வகம் அப்போதும் பூட்டியே இருந்தது. தனியார் நிறுவனத்திலிருந்து வாங்கிய மருந்து என்றார்கள். உரிம நிறுத்தம் 2010 பிப்ரவரியில்தான் விலக்கிக்கொள்ளப்பட்டது. பிற்காலத்தில் செங்கல்பட்டில் பெரும் செலவில் தடுப்பூசி வளாகம் ஒன்று கட்டினார்கள். கொரோனா காலத்தில், 2021 மே மாதம், முதலமைச்சர் நேரில் போய்ப் பார்த்து, சும்மா கிடக்கும் அதை மாநிலத்துக்குக் குத்தகைக்காவது கொடுங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. கட்டிய வளாகம் அப்போது சும்மா கிடந்ததைப் பார்த்தும், 2008-இல் கற்றிருக்க வேண்டியதை இன்னும் கற்கவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு இருக்கிறது.

கொழுந்தனார் விட்ட மாத்திரைகளையும் சேர்த்து முழுவதும் உட்கொண்டு குணமடைந்தார். அந்த ரமலானின் எஞ்சிய நோன்புகளை மறு ஆண்டு களா செய்தார். ஆம்பூர்க்காரர்களிடம் என் கணவரே போய் உண்மையைச் சொன்னார். இரண்டு நாள் கழித்து, வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். பெண்ணைப் பெற்றவர்கள், குறை சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வேறோர் இடத்தில் அவருக்கு நிக்காஹ் ஆயிற்று. நோய் வந்து போனதை முதலிலேயே சொல்லித்தான் பேசினோம்.

என் மாமியார் அந்த நாட்களில், "எல்லாம் தக்தீர்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடப் பார்த்தார்கள். என் மாமனார் அதிகம் பேசாதவர். ஹிஜ்ரி 18-இல் ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியபோது, உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் ஸர்க் என்னும் இடம் வரை வந்துவிட்டு, ஊருக்குள் நுழையாமல் மதீனா திரும்பிய வரலாற்றை அவர் நினைவூட்டினார். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீரா என்று அபூ உபைதா ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் கேட்டதற்கு, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதியை நோக்கித்தான் போகிறேன் என்ற கருத்தில் உமர் அவர்கள் விடை சொன்னார்கள். மாமி அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து மாத்திரையைப் பொடிக்கும் வேலையை அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

சகோதரிகளே, இன்று சில காரியங்கள் எளிதாகியிருக்கின்றன. 2017 முதல் காசநோய்க்குத் தினசரி மாத்திரை முறை வந்துவிட்டது; வீட்டிலேயே உட்கொள்ளலாம். ரமலானில் நேரத்தை மாற்ற இயலுமா என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளலாம். இயலாது என்றால் விலக்கு இருக்கிறது. வீட்டில் எவருக்கேனும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், அவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சளியைப் பரிசோதித்துக்கொள்ளும் வரை கைக்குழந்தையை அவரிடம் கொடுக்காதீர்கள். சொல்வதற்குச் சங்கடமாகத்தான் இருக்கும். நோய் உறுதியானால், இப்போதெல்லாம் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும்கூடத் தடுப்பு மருந்து தருகிறார்கள். குழந்தை இருப்பதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். என் வீட்டுக் கதவைத் தட்டியதுபோல் ஒருவர் வந்து கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

புதன்கிழமை என் தங்கை மகளோடு போனேன். எட்டுக் குழந்தைகள்தான் வந்திருந்தன. இன்னும் இரண்டு வரட்டும் என்று அரைமணி நேரம் பார்த்தார்கள். கரைத்த மருந்தை நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும் என்பதால் அவர்களுக்கும் தயக்கம். பிறகு செவிலியர் பழுப்பு நிறக் குப்பியை எடுத்து உடைத்தார். குழந்தையின் இடது தோளில் தோலுக்குள் ஒரு சிறு கொப்புளம்போல் எழும்பியது. வீறிட்டு அழுதாள். காலியாக இருந்த கட்டத்தில் தேதி எழுதினார்கள்.

நேற்றிரவு மீண்டும் தொலைபேசி. "பெரியம்மா, ஊசி போட்ட இடத்தில் சிவந்து சீழ் வைத்திருக்கிறது. மாமி மஞ்சள் அரைத்து வைத்திருக்கிறார்கள், பூசவா?"

"ஒன்றும் பூசாதே. அழுத்தாதே. குளிக்க வைக்கலாம், தேய்க்காதே. அது அப்படித்தான் புண்ணாகி, உடைந்து, தானே ஆறும். கட்டி பெரிதானாலோ அக்குளில் நெறி கட்டினாலோ மட்டும் காட்டு" என்றேன்.

பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த என் மகன் இதைக் கேட்டுவிட்டு, சட்டைக் கையை மேலே தள்ளித் தன் தழும்பைத் தேடிக்கொண்டிருந்தான்.